காதை ஏமாற்ற முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

‘இசையில் நேர்மை’ பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். காவிரிக்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

பாட்டு காதுக்கு இனிமையாக இருந்தால் போதாதா? பாடுகிறவர் நேர்மையாகப் பாடினாரா என்று ரசிகன் ஏன் பார்க்க வேண்டும்? சமையல்காரரின் ஜாதகத்தைப் பார்த்தா சாப்பிடுகிறோம்?
– வாசகர், கும்பகோணம்

சமையல்காரரின் ஜாதகம் வேண்டாம்தான் ஐயா. ஆனால் நெய் என்று சொல்லி வனஸ்பதி ஊற்றினால்? உங்கள் ஊர் டிகிரி காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளை டபராவில் ஊற்றி, வாசலில் பலகை மாட்டிவிட்டால் தண்ணீர்ப் பால் டிகிரி காபி ஆகிவிடாது. குடிக்கிறவருக்குக் காரணம் தெரியாமல் போகலாம், நாக்குக்குத் தெரியும்.

இசையில் நேர்மை என்று நாம் சொல்வதில் முதலாவது, வேலையை முழுதாகச் செய்வது. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படியை நாயனத்திலும் தவிலிலும் வாசிக்கிறார்கள். அதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. பொருளைச் சொல்லி உருக வைக்க வழியில்லை. தாளம் மாறாமல் அதே உருப்படியை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வாசிக்க வேண்டும். மெதுவான கீழ்க்காலம்தான் கடினம். ஒரு தாளச் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தவில்காரர் மனதுக்குள்ளேயே நிரப்பி வைத்திருக்க வேண்டும். அதைப் பாதியில் விட்டுவிட்டு நேரே துரித காலத்துக்குத் தாவினால் கூட்டம் கைதட்டும். ஆனால் சுவாமி தூக்குகிறவர்களின் நடை குலையும், மல்லாரியின் கம்பீரம் போய்விடும். திரிகாலம் என்ற சொல்லையே கேள்விப்படாதவருக்கும் ‘என்னவோ அவசரமாக முடிந்துவிட்டது’ என்று தோன்றும். இந்த நேர்மை ஒலியிலேயே இருக்கிறது. இதை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, இருக்கும்போதும் இல்லாதபோதும் உங்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, சொன்னதும் கொடுத்ததும் ஒன்றாக இருப்பது. ‘இப்போது பாடுகிறேன்’ என்று சொல்லி, முன்பே பதிந்ததை ஓடவிடுவது இதில் சேரும். இது எப்போதும் காதுக்குத் தெரியாது. தெரிய வந்த பிறகு அதே பாட்டு முன்போல் இனிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு, மயிலாடுதுறை வாசகருக்கான பதிலில் வருகிறது.

மூன்றாவது, கலைஞர் வாழும் விதம். அது ஒலியில் கிடையாது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் ‘ரசிகனுக்கு இது எதற்கு’ என்ற கேள்வியே வருகிறது.

தை மாதம் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாயனத்தில் சினிமாப் பாட்டு வேண்டும் என்கிறார்கள். என் மாமனார் அது கலைக்குச் செய்யும் துரோகம் என்கிறார். மேளக்காரரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, மன்னார்குடி

துரோகம் ஒன்றும் இல்லை அம்மா. கேட்டதை வாசிப்பது அவர்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பு நின்றுபோனால் மாமனார் விரும்பும் தோடியை வாசிக்க ஆள் இருக்காது. தப்பாக வாசிப்பதுதான் கலைக்குக் கெடுதல். அது எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீங்கள் சரியாகக் கேட்டு வாங்கலாம்.

நாயனம் என்கிற நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அதற்குக் கீழே உள்ள ஐந்து துளைகள் விரலுக்கானவை அல்ல. அவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீர்செய்வார்கள். ஏழு துளையில் பன்னிரண்டு சுரமும் அவற்றின் அசைவுகளும் வர வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடியும், உதட்டின் பிடியையும் ஊதும் அழுத்தத்தையும் மாற்றியும்தான் வரவழைக்க வேண்டும். ஒரு ராகத்துக்குள் இருக்கும்போது உதடு அந்த ராகத்துக்குப் பழகி நிற்கும். மெல்லிசை அமைப்பில் அடுத்தடுத்து இரண்டு வகைக் காந்தாரமும் (க) இரண்டு வகை நிஷாதமும் (நி) வரும் பாட்டை, முந்தின நாள் கைப்பேசியில் அனுப்பி ‘இதை வாசித்துவிடுங்கள்’ என்றால் உதடு தடுமாறும். சுரம் வழுக்கும். கேட்பவர்கள் ‘நாயனம் சுருதி சேரவில்லை’ என்பார்கள். குறை நாயனத்தில் இல்லை, கொடுத்த அவகாசத்தில்தான் இருக்கிறது.

அதனால் ராகச் சாயல் தெளிவாக உள்ள நான்கைந்து பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பத்துப் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் ராகத்தை ஐந்து நிமிடம் ஆலாபனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாமனாருக்கு ராகம், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாட்டு. ஆலாபனையில் உதடும் பழகிவிடும் என்பதால் பாட்டும் நன்றாக வரும். சினிமாப் பாட்டு வரவேற்புக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் இருக்கட்டும். காலையில் பூபாளம், பௌளி, மலயமாருதம், ஊஞ்சலுக்கு அதற்குரிய பாட்டு, தாலி கட்டும்போது கெட்டிமேளம். இந்த வரிசையில் கை வைக்காதீர்கள். மேளக்காரருக்கு அது மனப்பாடம், சடங்கின் நேரத்தை அவர்தான் அளந்து கொடுக்கிறார்.

செட் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். முழு செட் என்றால் நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. முன்பு சுருதிக்காக ஒத்து என்ற குழலைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தார், இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது. செலவைக் குறைக்க ஒரு நாயனம், ஒரு தவில் என்று வெட்டினால் தனி நாயனக்காரர் மூச்சு விடும் இடமெல்லாம் பாட்டில் ஓட்டை விழும். இருவர் இருந்தால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் மூச்சு வாங்குவார். முகூர்த்த நேரத்துக்காவது இரண்டு நாயனம் இருக்கட்டும்.

இன்னொன்று, ஒலிபெருக்கி. கல்யாணங்களில் நாயனம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு நாகசுரத்துக்கு மைக் வேண்டியதே இல்லை. வைத்தே தீருவேன் என்றால், நாயனத்தின் அடியில் புனல் போல விரியும் அணசின் வாய்க்குள் நுழைக்காமல், விரல்துளைகளின் உயரத்தில் மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. அணசின் வாயில் மட்டும் மைக் வைத்தால் வெறும் கீச்சலைத்தான் அது பெருக்கும். ஏசி நேராக மேடைமேல் அடிக்கக் கூடாது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் வகைத் தட்டையில் செய்தது, ஈரம் இருந்தால்தான் துடிக்கும். குளிர்காற்றில் காய்ந்தால் ஒலி வெடிக்கும், மேல் ஸ்தாயி பிடிக்காது. அவர் அடிக்கடி சீவாளியை மாற்றுவதைப் பார்த்தால் ஏசியின் திசையைத் திருப்புங்கள்.

கல்லூரி விழாக்களில் பாட வருகிறவர்கள் உண்மையிலேயே பாடுகிறார்களா என்று சந்தேகம். ஆட்டோட்யூன் போட்டிருந்தால் கண்டுபிடிக்க முடியுமா? தெரிந்த பிறகு ரசிக்கலாமா? சினிமாவில் நடிகர்கள் வாயசைப்பதும் ஏமாற்றுதானா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். ஒன்று, பதிந்த குரலுக்கு வாயசைப்பது. மற்றது, பாடும் குரலைக் கருவி திருத்துவது.

வாயசைப்பைப் பிடிப்பது எளிது. மைக்கை வாயிலிருந்து அகற்றும்போது ஒலி குறைகிறதா பாருங்கள். ஓடி ஆடியபின் மூச்சு வாங்குகிறதா? ‘ப’ போன்ற உதடு வெடித்து வரும் எழுத்துகளில் மைக்கில் லேசாகக் காற்று மோதும் சத்தம் வருகிறதா? எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, பாட்டு முடிந்ததும் ‘நன்றி தஞ்சாவூர்’ என்று பேசும் குரல். பேச்சுக் குரல் அரங்கத்தின் எதிரொலியோடு ஒரு மாதிரியும், பாட்டுக் குரல் ஸ்டூடியோவில் மெருகேற்றியது போல வேறு மாதிரியும் கேட்டால் சந்தேகப்பட இடமுண்டு. பின்னணி இசையை மட்டும் ஓடவிட்டு, குரலை நேரடியாகப் பாடுவது வேறு. அதற்கு மைனஸ் ஒன் என்று பெயர். மெல்லிசை மேடையில் எல்லோரும் அறிந்த பழக்கம் அது, ஏமாற்று ஆகாது.

ஆட்டோட்யூன் 1997-ல் விற்பனைக்கு வந்த மென்பொருள். குரல் எந்தச் சுரத்துக்கு அருகில் இருக்கிறது என்று கணித்து, அதை அந்தச் சுரத்தின் நடு இடத்துக்குத் தள்ளும். எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதை நாம் அமைக்கலாம். மெதுவாக வைத்தால் திருத்தம் வெளியே தெரியாது. வேகத்தைக் கூட்டினால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் வழுக்காமல் படிக்கட்டு ஏறுவது போலத் தாவும்.

நம் இசையில் இது எங்கே மாட்டிக்கொள்கிறது என்றால், கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் இடத்தில். தோடியின் காந்தாரத்தைப் பாடும்போது குரல் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் காந்தாரம். பன்னிரண்டு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும் கருவிக்கு அது பிழையாகத் தெரியும். வேகமாகத் திருத்த விட்டால் அசைவு உடைந்து ரி, க, ம என்று தனித்தனிச் சுரங்களாக விழும். ராகம் செத்துவிடும். ஆகவே சோதித்துப் பார்க்க அசைவுள்ள ராகத்தில் அமைந்த பாட்டை எடுத்துக்கொண்டு, சுரத்திலிருந்து சுரத்துக்குக் குரல் வழுக்கும் ஜாரு வரும் இடங்களைக் கவனியுங்கள். கோடு போல வழுக்கினால் குரல், படிபோல ஏறினால் கருவி. குரலை இயந்திரம் போலக் காட்ட வேண்டும் என்றே வெளிப்படையாகப் போடுகிற பாட்டும் உண்டு. அதில் மறைப்பு ஒன்றும் இல்லை, தாராளமாக ரசியுங்கள்.

ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டுவதையும் பலர் குறை சொல்கிறார்கள். பல்லவியை நான்கு முறை பாடி நல்லதை எடுத்துக்கொள்வது ஸ்டூடியோவில் அன்றாட வேலை. ஒரே மூச்சில் பாடியது என்று அந்த ஆல்பம் சொல்லவில்லையே. அதே ஒட்டு வேலையைச் செய்து அட்டையில் ‘நேரடிக் கச்சேரி’ என்று போட்டால் அது பொய். ஒட்டு தெரிய வேண்டுமானால் குரலை விடுங்கள், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியைக் கேளுங்கள். அடித்த பிறகு ஒலி தேய்ந்து மறைய நேரம் எடுக்கும். தேய்வதற்குள் சட்டென்று அறுந்தால் அந்த இடத்தில் கத்தரி பட்டிருக்கிறது.

திரையில் வாயசைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசன் நாயனம் பிடித்தார், வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்பும் இடமும் விரல் விழும் இடமும் வாசிப்போடு ஒட்டிப்போக நடிகர் உழைத்திருப்பது திரையில் தெரிகிறது. வாசித்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். யாருடைய உழைப்பும் மறைக்கப்படவில்லை என்பதால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

ஒரு வித்வானின் கச்சேரியை ஒரே மாதத்தில் இரண்டு ஊரில் கேட்டேன். அதே கீர்த்தனை, அதே இடத்தில் நிரவல், கற்பனாஸ்வரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மேடையிலேயே பிறக்கும் கற்பனை, மனோதர்மம் என்று நம்பி ஏமாந்தேனா?
– சபா உறுப்பினர், மயிலாடுதுறை

முழுதாக ஏமாறவில்லை. பாதி ஏமாந்தீர்கள். எந்தப் பாதி என்று பார்க்கலாம்.

ராகம் பாடும் எவருக்கும் பிடிகள், அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் சுரச் சேர்க்கைகள், உண்டு. காம்போதி என்றால் சில பிடிகள் வந்தே தீரும், வராவிட்டால் அது காம்போதி இல்லை. ஸ்வரத்தின் முடிவில் வரும் தாளக் கணக்கான கோர்வையும் பெரும்பாலும் முன்பே கணக்குப் போட்டு வைத்ததுதான். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக முப்பத்திரண்டு. ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டுச் சொன்னால் 5+2+5+2+5, மொத்தம் 19. பதின்மூன்று மாத்திரை கழிந்தபின் தொடங்கினால் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து இறங்கும். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சமத்தில் இல்லாமல் அரை இடம் தள்ளி, அதாவது இரண்டு மாத்திரை கழித்து இருந்தால் பதினைந்து கழிந்தபின் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கை வீட்டில் போட்டுக்கொண்டு வருவதில் தப்பே இல்லை. கட்டடத்துக்கு வரைபடம் மாதிரிதான் அது.

நடுவில் உள்ளதுதான் பிரச்சினை. கோர்வைக்கு முன்னால் வரும் ஸ்வரங்கள், நிரவலில் சொற்களைப் பரத்தும் விதம் எல்லாம் அப்போது பிறப்பவை என்றுதான் நம்மை உட்கார வைக்கிறார்கள். அந்த ரசனையில் ஓர் ஆபத்து கலந்திருக்கிறது. ‘அடுத்து எங்கே போகப்போகிறார், திரும்பி வருவாரா’ என்ற பதற்றத்தோடுதான் நாம் தொடையில் தாளம் போடுகிறோம். வயலின்காரர் துரத்திப் பிடிக்கிறார், மிருதங்கக்காரர் ஒரு கணம் கையை நிறுத்திக் கவனிக்கிறார். மனப்பாடம் செய்தது அட்சரம் பிசகாமல் இனிமையாகவே இருக்கலாம், ஆனால் அதில் விழுவதற்கு வாய்ப்பே இல்லை. விழ வாய்ப்பில்லாத கயிற்றில் நடப்பதைப் பார்க்க யார் கழுத்தை நிமிர்த்துவார்கள்? அதனால்தான் உண்மை தெரிந்ததும் அதே ஸ்வரங்கள் உங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

கண்டுபிடிக்க வேண்டுமானால் பக்கவாத்தியத்தைப் பாருங்கள். புதிதாகப் பிறக்கும் ஸ்வரத்துக்கு மிருதங்கம் முதலில் ஒதுங்கி வாசித்து, அமைப்பு புரிந்ததும் சேரும். முதல் முறையிலேயே ஒவ்வோர் எழுத்துக்கும் சேர்ந்து விழுந்தால் அது ஒத்திகை பார்த்ததாக இருக்கலாம். ஒரே முறை கேட்டு முடிவு கட்டாதீர்கள், கூர்மையான மிருதங்கக்காரர் முன்கூட்டியே ஊகித்தும் பிடிப்பார். உங்களைப் போல் இரண்டு ஊரில் கேட்பதுதான் உறுதியான வழி.

சபா உறுப்பினர் என்கிறீர்கள். அப்படியானால் கலைஞரைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் அழைப்பிதழைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து உருப்படி கேட்டால் மனோதர்மத்துக்கு இடம் எங்கே? பதற்றமான கலைஞர் மனப்பாடத்தைத்தான் பிடித்துக்கொள்வார். உருப்படிகளை ஆறாகக் குறைத்து, ஒரு ராகத்துக்கு நாற்பது நிமிடம் விட்டுப் பாருங்கள்.

கோயிலில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் வாங்கி வைத்திருக்கிறோம். முரசு, ஜால்ரா, மணி எல்லாம் தானே அடிக்கிறது. பழைய மேளக்காரர் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. இது தப்பா?
– கோயில் நிர்வாகி, திருத்துறைப்பூண்டி அருகே

தப்பு என்பதைவிட, காதுக்கும் வழிபாட்டுக்கும் நஷ்டம் என்று சொல்வோம். மோட்டாருக்குத் தீபம் தெரியாது. அலங்கார தீபத்துக்கும் கற்பூர ஆரத்திக்கும் ஒரே வேகத்தில் அடிக்கும். குருக்கள் திரை விலக்கத் தாமதித்தால் மேளக்காரர் இழுத்துப் பிடிப்பார், இயந்திரம் காத்திருக்காது. கல் மண்டபத்துக்குள் உலோகச் சத்தம் எதிரொலித்து மந்திரமும் கேட்காது, ஓதுவார் இருந்தால் தேவாரமும் கேட்காது.

தினமும் ஆள் வைக்க வசதியில்லை என்றால் நாள்தோறும் கைமணி போதும். கையால் அடிக்கும் மணிக்குத் தீபம் தெரியும். அந்தப் பணத்தைச் சேர்த்துப் பிரதோஷம், கிருத்திகை, ஆடிப்பூரம், மார்கழித் திருவாதிரை என்று நாள் குறித்து நாயனமும் தவிலும் அழையுங்கள். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் நாகசுரம், தவில் கற்றுத் தருகிறார்கள். படித்து முடித்த இளைஞர்கள் வாசிக்க இடம் தேடுகிறார்கள். மாதம் நான்கு நாள் என்று ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டால் வருவார்கள். அவர்களிடம் பள்ளியறையில் நீலாம்பரி வாசிக்கச் சொல்லுங்கள். தூங்கப்போகும் சுவாமிக்கு மோட்டாரில் தாலாட்டு வைக்க முடியாது.

ஒரு பாடகர் மாணவிகளிடம் தவறாக நடந்தார் என்று செய்தியில் படித்தேன். அவர் பாடிய பைரவி எனக்கு உயிர். இப்போது கேட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பைரவி மாறவில்லை அம்மா. அதைக் கேட்டு நீங்கள் கண் கலங்கியது பொய்யும் அல்ல. சுருதி சுத்தம் மனச் சுத்தத்துக்கு அத்தாட்சி என்று நமக்கு யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள், அது நடப்பில் நிற்காது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பத் தன் பொருளைச் செலவிட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே பக்தி ததும்பப் பாடிய ஆண்களின் கோஷ்டிகளில் பெண்கள் பாட இடம் தரவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். ஒதுக்கியவர்களின் சங்கீதம் மட்டமாக இருந்ததா என்றால் இல்லை. செய்தது அநியாயமா என்றால் ஆமாம்.

வீட்டில் பழைய பதிவைக் கேட்பது உங்கள் காதுக்கும் மனதுக்கும் நடுவே உள்ளது. கசந்தால் நிறுத்துங்கள், கசக்காவிட்டால் தண்டனை போல நிறுத்த வேண்டாம். மேடை, விருது, பொன்னாடை, குழந்தைகளை வகுப்புக்கு அனுப்புவது ஆகியவை வேறு. அங்கே நாம் கொடுப்பது அதிகாரம், அந்த அதிகாரத்தை வைத்துத்தான் தவறு நடக்கிறது. 2018-ல் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோது சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு விழாவிலிருந்து குற்றம் சாட்டப்பட்ட சிலரை விலக்கியது. ஊர்ச் சபாக்களும் அதைச் செய்யலாம். பாட்டு வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதை வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை இல்லாதவர் பக்திப் பாட்டுப் பாடினால் அது நடிப்புத்தானே?
– வாசகர், நாகப்பட்டினம்

ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இஸ்லாமியர். தியாகராஜர் கீர்த்தனைகளை நாகசுரத்தில் வாசித்தார், மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர் எந்தச் சாமியை நினைத்து ஊதினார் என்று கேட்பவர் எவரும் அந்த வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். கேட்க வேண்டியது வேறு. சொல் பிரியும் இடம் சரியா, பொருள் உடைகிறதா? சாகித்தியத்தின் பொருள் தெரியாமல், ஒரு சொல்லைப் பாதியில் வெட்டி மூச்சு வாங்கிப் பாடும் பக்தரைவிட, பொருள் தெரிந்து பிரித்துப் பாடும் நாத்திகர் அந்தப் பாட்டுக்கு உண்மையாக இருக்கிறார்.

தாத்தாவின் கிராமபோன் தட்டுகளை டிஜிட்டல் ஆக்கினோம். எல்லோரும் ஓடி ஓடிப் பாடுகிறார்கள், குரலும் கீச்சென்று இருக்கிறது. அந்தக் காலத்தவர்கள் இப்படித்தான் பாடினார்களா?
– வாசகர், பாபநாசம்

இரண்டு காரணம். ஓடுவதற்குக் காரணம் தட்டின் அளவு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். தெருவில் மணிக்கணக்கில் தோடி வாசித்த நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டென்றால் அந்த நிமிடங்களுக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தை வைத்து அவர்களின் காலப்பிரமாணத்தை எடை போடாதீர்கள்.

கீச்சுக்குக் காரணம் சுழலும் வேகமாக இருக்கலாம். ‘78’ என்று பெயர் இருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிந்தவை அல்ல. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறும். நாலு கட்டையில் பாடியது நாலரையாகக் கேட்கும், மூன்று நிமிடப் பாட்டு இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்துவிடும். கணினியில் சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் வகையில் வைத்து, மூன்று சதவீதம், ஆறு சதவீதம் என்று குறைத்துக் கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி எந்த இடத்தில் தோல் ஒலியாகக் கேட்கிறதோ, குரல் எங்கே மனிதக் குரலாக இறங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். மாற்றியதைத் தனிக் கோப்பாக வைத்து, எவ்வளவு குறைத்தீர்கள் என்று அதன் பெயரிலேயே எழுதுங்கள். மூலப் பதிவை அழிக்காதீர்கள்.

மறைந்த பாடகர்களின் குரலை ஏஐ மூலம் பாட வைக்கிறார்களே?
– வாசகி, பட்டுக்கோட்டை

2024-ல் ஒரு திரைப்பாடலுக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் இப்படி உருவாக்கிய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அனுமதி, ஊதியம், அறிவிப்பு மூன்றும் இருந்தால் கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கலாம். வாட்ஸப்பில் சுற்றும் பெயரில்லாப் பாட்டுகளில் மூன்றுமே இல்லை, அவற்றைப் பரப்பாதீர்கள்.

மகன் நாகசுரம் கற்கிறான். கடையில் ‘நரசிங்கம்பேட்டை நாயனம்’ என்று சொல்லி விற்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருவிடைமருதூர்

உங்கள் பக்கத்து ஊர்தானே, நேரே பட்டறைக்குப் போய்விடுங்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் பெயரைப் போட்டு விற்பதும் கூடியிருக்கிறது.

அங்கே நாயனத்தின் மரக்குழலான உலவு செய்வது ஆச்சா மரத்தில். புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் போன்ற, காலம் கடந்து ஈரம் முழுதும் வற்றிய மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஊத ஊத எச்சில் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு விரிசல் விடும், துளை கோணும், சுருதி போய்விடும். வாங்கும்போது அணசைக் கழற்றிவிட்டு, உலவின் உள்ளே வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். உட்குழல் மேலிருந்து கீழே சீராக விரிய வேண்டும். படி, சிராய், நீள்வாக்கில் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். வெளியே பூசிய சாயம் விரிசலை மறைக்கும், உள்ளே மறைக்காது.

அடுத்து, நீளம். குட்டையான திமிரி சுருதி கூடியது. நீளமான பாரிதான் இன்று வழக்கத்தில் அதிகம், இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு வரும். ஆசிரியரின் நாயனம் எந்தச் சுருதியோ அதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் பையன் கூட உட்கார்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியரையே அழைத்துப் போய் அவருடைய சொந்தச் சீவாளியைப் போட்டு ஊதச் சொல்லுங்கள். கடைச் சீவாளியில் ஊதினால் குறை நாயனத்திலா சீவாளியிலா என்று தெரியாது. சுத்த மத்தியமத்தை நீளமாகப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சுரம் சுத்தமாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்த ஊர் ஆசாரிகள் துளைகளின் இடத்தைத் திருத்தித் திருத்திப் பாடுபட்டிருக்கிறார்கள். பிறகு கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் மாறி மாறி. மேலே போனதும் சுருதி ஏறினாலோ அழுங்கினாலோ துளை இடம் தவறியிருக்கிறது. மெழுகால் கொஞ்சம் சரிசெய்யலாம், நிறையச் செய்ய முடியாது.

சீவாளி நான்கைந்து வாங்கி ஒவ்வொன்றாகப் பழக்கச் சொல்லுங்கள். புதுச் சீவாளி முரடாக இருக்கும், ஒரே நாளில் வசப்படாது. சீவாளியைப் பொருத்தும் சிறு உலோகக் குழலான கெண்டையில் செருகும் நூல்கட்டு தளராமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், அங்கே காற்று கசிந்தால் பையன் தன் மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வான். வாசித்து முடித்ததும் உலவை நீளத் துணியால் துடைத்து நிழலில் வைக்கட்டும். பையில் ஈரத்தோடு போட்டு மூடக் கூடாது.